படம் போடவே 6 நிமிஷம் போயிடுது: கேட் டிஐஎல்ஆர், எல்சாட் பழைய கேம்ஸ், ஒரு பந்தி வரிசை

கேள்வி: 2024 ஆகஸ்ட் 11, மாலை 4.10

இன்ஜினியரிங் கடைசி வருஷம். நவம்பர்ல எம்பிஏ சேர்றதுக்கான கேட் (CAT) எழுதறேன். அதுல டிஐஎல்ஆர்னு ஒரு பகுதி, தகவல் அட்டவணையும் தர்க்கப் புதிரும் கலந்தது. அமெரிக்காவுல லா காலேஜுக்கான எல்சாட் தேர்வுலேயே இந்த மாசத்திலிருந்து லாஜிக் கேம்ஸை, அதான் விதிகளை வச்சு யார் எங்கேன்னு கண்டுபிடிக்கற புதிர்ப் பகுதியை, எடுத்துட்டாங்க. சீனியர் ஒருத்தர் அந்தப் பழைய தாள்களைத்தான் போடச் சொல்றார். செத்துப்போன தேர்வுக்குப் படிக்கிறது வீண்தானே? இன்னொண்ணு, எனக்குப் படம் போடவே 6 நிமிஷம் போயிடுது. போட்டு முடிச்சா அழகா இருக்கு, விடைதான் வரமாட்டேங்குது.

ஆகஸ்ட் 11, இரவு 9.35

வீண் இல்லை. ஜூன் தேர்வோட அந்தப் பகுதி முடிஞ்சது, அது சரி. அதுக்காகப் பழைய தாள் கெட்டுப்போற பண்டம் இல்லையே. 35 நிமிஷம், 4 கேம், 22லேர்ந்து 24 கேள்வி. ஒரு கேமுக்கு 8 முக்கால் நிமிஷம். கேட் டிஐஎல்ஆர்ல 40 நிமிஷம், போன வருஷக் கணக்குப்படி 20 கேள்வி. விதிகளைச் சுருக்கி எழுதறதுக்கு எல்சாட் தாள் மாதிரி சுத்தமான பயிற்சி வேற கிடையாது.

படம் அழகா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, வியாதி அங்கேதான். கதையைப் படமா வரையறீங்க. கதையில எது நகராது, எது நகரும்னு மட்டும்தான் தாள்ல இருக்கணும். வரிசை உள்ளது நகராது. கிழமை, மாடி, நாற்காலி, ரேங்க். அதைத்தான் முதல்ல கோடு போட்டு வைக்கணும். ஆட்கள் நகருவாங்க, அவங்க மேல வந்து உட்காரட்டும்.

ஒண்ணு போட்டுக் காட்டறேன். பந்தியில ஒரே வரிசையா 6 இலை. இடமிருந்து வலமா 1 முதல் 6. உட்காரப் போறவங்க பாட்டி, தாத்தா, அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா.

பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடுவில சரியா 2 பேர்.
அத்தைக்கு அடுத்த வலப்பக்க இலை மாமா.
சித்தி அத்தைக்கு இடப்பக்கம் எங்கேயாவது.
பெரியப்பா ரெண்டு ஓரத்திலும் உட்கார மாட்டார்.

நீங்க என்ன செய்வீங்க? முதல் விதியைப் படிச்சதும் பாட்டியை 1ல வச்சு, தாத்தாவை 4ல வச்சு, ஒரு முழு வரிசை போடுவீங்க. ஒத்துவரலைன்னா அழிச்சுட்டு அடுத்தது. 6 நிமிஷம் அங்கேதான் போகுது.

நான் விதியை மட்டும் ஓரமா எழுதுவேன்:

பா _ _ தா (மாத்தியும் வரலாம்)
அ மா (ஒட்டு)
சி … அ
பெ ≠ 1, 6

இப்ப எந்த விதி அதிக இடத்தை அடைச்சுக்குது? பாட்டி தாத்தா. அவங்க ரெண்டு பேரும் 1–4, இல்ல 2–5, இல்ல 3–6. மூணே கிளை.

1–4ல அவங்கன்னா மிச்சம் 2, 3, 5, 6. அத்தை மாமா 2–3ல உட்கார்ந்தா அத்தைக்கு இடப்பக்கம் சித்திக்கு இடமே இல்லை. அதனால 5–6. சித்தியும் பெரியப்பாவும் 2, 3ல எப்படி வேணா.
2–5ல அவங்கன்னா அத்தை மாமா 3–4. சித்தி 1. பெரியப்பா 6க்குப் போகணும், மாட்டார். செத்தது.
3–6: அத்தை மாமா 1–2னா சித்திக்கு இடமில்லை. செத்தது.

ஆக ரெண்டு வடிவம், பாட்டியும் தாத்தாவும் இடம் மாறினா 4 வரிசை. கேள்வியைத் தொடறதுக்கு முன்னாடியே முழுசும் கையில. 2 நிமிஷம்.

ஆகஸ்ட் 12, காலை 7.05

தூங்கி எழுந்து பார்த்தா மூணு பேர் திட்டியிருக்காங்க. திட்டினது நியாயம். 3–6 கிளையில அத்தை மாமா 4–5லயும் உட்காரலாமே. மிச்சம் 1, 2. பெரியப்பா ஓரத்துக்குப் போகமாட்டார், அதனால அவர் 2, சித்தி 1. ஆக மூணு வடிவம், 6 வரிசை. நேத்து எழுதின 4 தப்பு. அதை அழிக்காம விடறேன், அப்படியே கிடக்கட்டும்.

ஏன் தப்பினேன்னு பல் தேய்க்கும்போது யோசிச்சேன். முந்தின கிளை பட்டுப்போச்சு. அதே வேகத்துல இதுலயும் ஒரு வாய்ப்பு படவும், கிளையே பட்டுதுன்னு கோடு கிழிச்சுட்டேன். “செத்தது”ன்னு எழுதறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அந்தச் சந்தோஷம்தான் ஏமாத்துது. இப்பல்லாம் கிளையை அடிக்கிறதுக்கு முன்னாடி “ஒட்டு எத்தனை இடத்துல பொருந்தும்”னு எண்ணிப் பார்ப்பேன்னு சொல்லிக்கிட்டு இருந்தவன் நான். நேத்து எண்ணலை.

இந்தத் தப்பாலயே ஒரு நல்ல கேள்வி கிடைக்குது: சித்தி 1ல இருந்தா உறுதியா யார் யார் இடம் தெரியும்? பெரியப்பா 2, அத்தை 4, மாமா 5. என் நேத்துக் கணக்கை வச்சுப் போட்டிருந்தா “சித்தி 1ல வரவே முடியாது”ன்னு எழுதிட்டு வந்திருப்பேன். மைனஸ் 1.

ஆகஸ்ட் 12, மதியம் 1.20

ஒருத்தர் கேட்டது: அண்ணியும் பந்தியில இருந்தா ‘அ’ யாருக்கு? நல்லாத்தான் கேக்கறார். ரெண்டு பேருக்கு ஒரே எழுத்து வந்தா உடனே ஒருத்தருக்குப் பேரை மாத்திடுங்க. நான் ஒரு மாக் டெஸ்ட்ல மோகன், மோனிஷா ரெண்டு பேருக்கும் ‘மோ’ போட்டு, மோகனை அவனுக்கே கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 18, காலை 10.40

முதல்ல கேள்வி கேட்ட தம்பி இன்னொரு வகையை அனுப்பியிருக்கார். வரிசை கிடையாது, யார் வருவாங்க யார் வரமாட்டாங்க, அந்த ரகம். தாள்ல அம்புக்குறி எல்லாம் தலைகீழா இருக்கு. “ஒன்லி இஃப்” வந்த இடம் அத்தனையும் தப்பு.

இங்கே ஒண்ணு சொல்றேன், கோச்சிங்ல யாரும் எனக்குச் சொல்லலை. நான் போன இடத்துல 14 குறியீடு கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. 14ல எனக்கு இன்னிக்கு ஞாபகம் இருக்கிறது 3. இங்கிலீஷ் வாக்கியத்தைப் படிச்சதும் மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாருங்க. “இஃப்”, “ஒன்லி இஃப்” ரெண்டும் தமிழ்ல கலக்கவே கலக்காது.

ரவி வந்தால் சுதா வருவாள்.
ரவி வந்தால்தான் சுதா வருவாள்.

ஒரு ‘தான்’. முதல் வாக்கியத்துல ரவி வந்துட்டா சுதா வந்தே ஆகணும். ரெண்டாவதுல ரவி வந்தும் சுதா வராம இருக்கலாம். ஆனா சுதாவைக் கண்டா ரவி உள்ளே இருக்கான்னு அர்த்தம். அப்ப அம்பு எங்கிருந்து கிளம்பும்? முதல்ல ர → சு. ரெண்டாவதுல சு → ர. ‘தான்’ ஒட்டினா அம்பு திரும்புது, அவ்வளவுதான்.

“அன்லெஸ்” வந்தா இன்னும் லேசு. ரவி வந்தாலொழிய சுதா வரமாட்டாள். அதுவும் சு → ர. ‘ஒழிய’ இப்ப மேடைப் பேச்சுலயும் கோர்ட் பேப்பர்லயும் மட்டும்தான் உயிரோட இருக்கு, ஆனா இந்த வேலைக்கு அதை விட்டா ஆளில்லை.

முயற்சி பண்ண ஒண்ணு:

குமார் வந்தால் ரவி வரமாட்டான்.
ரவி வந்தால்தான் சுதா வருவாள்.
சுதா வராவிட்டால் மீனா வருவாள்.

குமார் வந்திருக்கான். மீனா? கு வந்தா ர இல்லை, ர இல்லைன்னா சு இல்லை, சு இல்லைன்னா மீ. வந்தே ஆகணும். சரி, மீனா வரலைன்னா யார் வந்தாங்க, யார் வரலை? இதை நீங்க போடுங்க.

ஆகஸ்ட் 18, இரவு 11.15

காலையில தமிழை ரொம்பத் தூக்கி வச்சுட்டேன். அதே தமிழ் காலை வாரற இடமும் இருக்கு. “சுதா வராட்டி மீனா வருவா”ன்னு வீட்ல சொன்னா எல்லாருக்கும் என்ன கேக்குது? சுதா வந்தா மீனா வரமாட்டான்னு கேக்குது. அப்படித்தான் பேசிக்கிறோம். தேர்வுல அது கிடையாது. சுதாவும் வரலாம், மீனாவும் வரலாம், ரெண்டு பேரும் சேர்ந்து ஃபோட்டோ எடுத்துக்கலாம். ரெண்டு பேரும் வராம இருக்கிறதுதான் முடியாது.

காது ஒண்ணு கேக்கும், தாள் ஒண்ணு சொல்லும். காது ஜெயிச்சா மார்க் போச்சு.

ஆகஸ்ட் 30, இரவு 10.00

எல்சாட்ல ஏன் எடுத்தாங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. கஷ்டமா இருக்குன்னு எடுக்கலை. பார்வையற்ற ஒருத்தர் வழக்குப் போட்டார். படம் போட்டுத்தான் சமாளிக்க முடியற ஒரு பகுதியை வச்சு, படம் போட முடியாத என்னை அளக்கறது நியாயமான்னு. 2019ல சமரசம் ஆச்சு. பகுத்துச் சிந்திக்கிறதைச் சோதிக்க வேற வழி பார்க்கிறோம், 4 வருஷத்துக்குள்ளன்னு தேர்வு நடத்தறவங்க ஒத்துக்கிட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல அந்த இடத்துல இன்னொரு லாஜிக்கல் ரீசனிங் பகுதி வந்துடுச்சு. மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வுலயும் ஒரு காலத்துல இதே மாதிரி கேம்ஸ் உண்டு. 2002ல அந்தப் பகுதியைத் தூக்கிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லிட்டாங்க. ஆக இந்தப் புதிர்களுக்கு அமெரிக்காவுல வீடு இல்லாம போச்சு. நம்ம ஊர்ல கேட்லயும் பேங்க் எக்ஸாம்லயும் சொந்த வீடே கட்டியாச்சு.

வழக்கைப் பத்தி முதல்ல படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். எல்லாருக்கும் ஒரே தாள்தானேன்னு. அப்புறம் ஒரு நாள் பஸ்ல, பேப்பர் இல்லாம, கண்ணை மூடிக்கிட்டு ஒரு கேம் போட்டுப் பார்த்தேன். மேலே எழுதின பந்தி அளவுக்குத்தான். வடிவத்தைக் கண்டுபிடிக்க முடிஞ்சது. நாலாவது கேள்வியில “இப்ப சித்தி 3ல இருந்தா”ன்னு ஒரு புது விதி சேர்த்தாங்க, தலைக்குள்ள இருந்த வரிசை கலைஞ்சுபோச்சு. மறுபடி முதல்லேர்ந்து கட்டணும். படம் யோசிக்க உதவலை, யோசிச்சதைத் தொலைக்காம வச்சுக்க உதவுதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. எரிச்சல் போயிடுச்சு.

கேட்ல மாற்றுத்திறனாளிகளுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் 13 நிமிஷம் 20 விநாடி கூடுதல். அதாவது 40க்குப் பதில் 53 நிமிஷம் 20 விநாடி. எழுதுபவர் வசதியும் உண்டு. ஆனா இன்னொருத்தர் கையால படம் போட வைக்கிறது எப்படி இருக்கும்? “இல்லை, ‘அ’வை ரெண்டு கோடு தள்ளிப் போடுங்க”ன்னு சொல்லிச் சொல்லி. நினைச்சுப் பாருங்க.

செப்டம்பர் 15, மதியம் 3.30

ஆவணிக் கடைசியில ஒரு முகூர்த்தம். மண்டபத்துலேர்ந்து எழுதறேன். நேத்து ராத்திரி என் தலையில ஒரு நிஜக் கேம் விழுந்துச்சு.

மூணு ரூம், ரூமுக்கு 2 கட்டில். ஒண்ணு கீழே, ரெண்டு மாடியில. 6 பேர்: பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, நான். பாட்டிக்கு முழங்கால் வலி, கீழ் ரூம்தான். அத்தையும் மாமாவும் சேர்ந்து. பெரியப்பாவும் சித்தப்பாவும் நிலத்தகராறுக்கு அப்புறம் ஒரே கூரைக்குக் கீழே நிக்கறதே பெரிசு, ஒரே ரூம் கிடையவே கிடையாது.

நான் பாட்டி ரூம்ல படுத்துக்கலாம்னு பையை வச்சுட்டேன். அக்கா கேட்டா: அப்ப மாடியில யாரு? அத்தை மாமா ஒரு ரூம். மிச்ச ரூம்ல… பெரியப்பா, சித்தப்பா. பையை எடுத்தேன். நான் கீழே இருக்கவே முடியாது. யாரோ ஒரு சகோதரர் பாட்டியோட, இன்னொருத்தர் என்னோட. விதியில என் பேரே இல்லை பாருங்க, ஆனா பெரியப்பா, சித்தப்பா இடத்துக்கு முன்னாடியே நிச்சயமானது என் இடம்தான். தேர்வுலயும் விதியில பேர் வராத ஆள் மேல ஒரு கண் வையுங்க. மிச்சம் மீதி எல்லாம் அந்த ஆள் தலையிலதான் விழும்.

பெரியப்பா குறட்டை. நான் வராண்டாவுல பாய் போட்டுட்டேன். தேர்வுல அந்த விடை கொடுக்க மாட்டாங்க.

செப்டம்பர் 16, காலை 8.15

பேங்க் எக்ஸாம் எழுதற தங்கச்சி ஒண்ணு கேலி பண்ணியிருக்கு. ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸ்ல ரீசனிங் 35 கேள்விக்கு 20 நிமிஷம், நீங்க ஒரு பந்திக்கு ஒரு மாசமா பேசறீங்கன்னு. அந்தப் பசங்க வட்ட மேஜைப் புதிரைப் போடற வேகத்துக்கு என் கை வராது, ஒத்துக்கறேன்.

வட்ட மேஜைன்னதும், அதுல இடது வலதைக் குழப்பாம இருக்க என் வழி. எல்லாரும் நடுவைப் பார்த்து உட்கார்ந்திருந்தா, ஒருத்தரோட இடப்பக்கம் போனா தாள்ல கடிகாரம் சுத்தற திசை. வலப்பக்கம் போனா அதுக்கு எதிர். எப்படி மறக்காம இருக்கறது? கோயில்ல சன்னிதியைப் பார்த்து நில்லுங்க. வலம் வர எந்தப் பக்கம் கிளம்பறீங்க? இடது கைப் பக்கம். வலம் வர்றதுன்னு பேர், கிளம்பறது இடம். எனக்கு இது ஞாபகம் வந்ததிலேர்ந்து வட்டத்துல தப்பினதே இல்லை.

வெளியே பார்த்து உட்கார்ந்தா அப்படியே தலைகீழ். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியேன்னு போடறவங்களுக்கு நரகத்துல தனி பந்தி.

அக்டோபர் 6, மாலை 6.00

ஆகஸ்ட் 11ல நான் எழுதினதை இன்னிக்குத் திரும்பப் படிச்சேன். ரொம்ப ஜம்பமா இருக்கு. எல்சாட் கேம்ஸ் போட்டா கேட் வந்துடும்ங்கற மாதிரி ஒரு தொனி. அது பாதிதான் உண்மை.

எல்சாட் கேம்ல எண்ணே கிடையாது. யார், எங்கே, யாருக்கு முன்னாடி. கேட்ல 2015லேர்ந்து டிஐஎல்ஆர் தனிப் பகுதியானதுக்கப்புறம் வர்ற செட்ல (ஒரு கதை, அதுக்குச் சில கேள்வி, அது ஒரு செட்) பாதிக்கு மேல எண்ணும் தர்க்கமும் பின்னிப் பிணைஞ்சது. டோர்னமென்ட், கூட்டுத்தொகை மட்டும் கொடுத்த அட்டவணை, குறைஞ்சபட்சம் எத்தனை அதிகபட்சம் எத்தனை. அங்கே ‘பா _ _ தா’ உதவாது.

சின்ன உதாரணம். மண்டபத்துல 60 பேர். 40 பேர் காபி குடிச்சாங்க, 35 பேர் டீ. ரெண்டும் குடிச்சவங்க எத்தனை? 75லேர்ந்து 60 போனா 15னு தம்பி சட்டுனு எழுதிடுவார். எழுதக்கூடாது. எதுவுமே குடிக்காதவங்க இருக்கலாமே. 15ங்கறது குறைஞ்சபட்சம். டீ குடிச்ச 35 பேரும் காபியும் குடிச்சிருந்தா ரெண்டும் 35, எதுவும் குடிக்காதவங்க 20. ஆக 15லேர்ந்து 35 வரைக்கும். தப்பு எங்கே நடக்குதுன்னா, ரெண்டு வட்டம் போட்டதும் படம் முடிஞ்சுதுன்னு நினைக்கறோம். வட்டத்தைச் சுத்தி ஒரு பெட்டி போடுங்க, பெட்டி மூலையில எதுவும் குடிக்காதவங்களுக்கு ஒரு ‘ந’ எழுதுங்க. அந்த ‘ந’ பூஜ்யம்னு தாள் சொன்னாத்தான் பூஜ்யம். இங்கேயும் ‘தான்’ வந்துடுச்சு பாருங்க.

டோர்னமென்ட்டுக்கு: 6 அணி, ஒவ்வொண்ணும் மத்த எல்லாரோடயும் ஒரு தடவை மோதினா 15 மேட்ச். டிரா இல்லைன்னா எல்லா அணியோட வெற்றியையும் கூட்டினா 15தான் வரணும். இந்த 15ஐ அட்டவணைக்குக் கீழே மூலையில முதல்லயே எழுதி வச்சுக்கிட்டா கடைசிக் கட்டம் தானா நிரம்பும். எழுதாம விட்டா அந்தக் கட்டத்துக்கு ஒரு விதியைத் தேடிக்கிட்டே இருப்பீங்க. இல்லாத விதி.

என் கதையையும் சொல்லிடறேன், ஜம்பம் அடிச்சதுக்குப் பரிகாரமா. நான் எழுதினது 2017. அப்ப டிஐஎல்ஆருக்கு 60 நிமிஷம், 32 கேள்வி, 8 செட். தேர்வுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு மாக். 5 பேர், 5 கிழமை, 5 ஊர், 5 வண்டி. ஸ்கேல் வச்ச மாதிரி ஒரு அட்டவணை போட்டேன். அடிச்சு எழுதி, அழிச்சு எழுதி, 22 நிமிஷம். 4 கேள்வியில ஒண்ணு கூட வரலை. எழுந்து போகவும் மனசில்லை, அவ்வளவு உழைச்சிருக்கோமேன்னு. அந்தத் தாளைத் தூக்கிப் போடாம வச்சிருக்கேன், எங்கேயோ கிடக்கு.

அக்டோபர் 6, இரவு 9.50

ஒரு செட்டை எப்ப விடணும்னு கேட்டிருக்கார் தம்பி. எனக்குச் சரிப்பட்டது: 5 நிமிஷத்துல தாள்ல ஒரு உறுதியான எழுத்து கூட விழலைன்னா விட்டுடறது. ஊகத்துல போட்ட எழுத்து கணக்கில்லை.

அக்டோபர் 27, காலை 11.30

தீபாவளிக்குப் பலகாரம் சுத்தற நேரத்துல வந்து கேக்கறீங்க. சரி. 40 நிமிஷத்தை 5 செட்டால வகுத்தா 8 நிமிஷம், அதனால 8 நிமிஷத்துக்குள்ள முடிக்கப் பழகறேன்னு சொல்றீங்க. வேண்டாம். எல்சாட்ல நாலு கேமையும் தொட்டே ஆகணும், தப்புக்கு அபராதமும் கிடையாது. கேட்ல யாரும் அஞ்சையும் போடச் சொல்லலை. சரியா இருந்தா 3, தப்பா இருந்தா கழிக்க 1. விடையை டைப் பண்ற கேள்வின்னா கழிக்கறது கிடையாது. மூணு செட் முழுசா வந்தா அதுவே பெரிய விஷயம். அப்ப ஒரு செட்டுக்கு 11, 12 நிமிஷம் கிடைக்குது. முதல் 4 நிமிஷம் பேனாவைத் திறக்காம அஞ்சையும் படிக்கறது.

படிக்கும்போது என்ன பார்க்கறது? நான் விதியைப் படிக்கறதுக்கு முன்னாடி கேள்வியைப் படிப்பேன். நாலு கேள்வியில மூணு “பின்வரும் கூடுதல் தகவல் உண்மையானால்”னு ஆரம்பிச்சா அந்த செட் முழுசா உறையாது. கிளைகளைக் கையில வச்சுக்கிட்டுத்தான் திரியணும். “மூணாவது மாடியில யார்”னு மொட்டையா கேட்டா ஒரே ஒரு வரிசைதான் மிஞ்சும், கடைசிவரை போய் அடைக்கலாம். படம் போடற விதமே இதுல மாறும். முன்னதுக்கு வரிசைகளைச் சின்னதா பக்கத்துல பக்கத்துல, பின்னதுக்கு ஒரே பெரிய கட்டம்.

அப்புறம், கம்ப்யூட்டர் திரையில எதையும் அடிக்கோடு போட முடியாது. விதியைத் தாளுக்கு இறக்கினப்புறம் மறுபடி திரையைப் பார்க்காதீங்கன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. நான் எதிர்க்கட்சி. இறக்கி முடிச்சதும் ஒரு தடவை தாள்லேர்ந்து திரைக்குத் திரும்ப வாசிச்சுச் சரிபாருங்க. “குறைந்தது இரண்டு”ங்கறதை “இரண்டு”ன்னு இறக்கினவன் நான். 20 விநாடி மிச்சம் பிடிச்சு ஒரு செட்டையே கொடுத்தேன்.

நவம்பர் 23, இரவு 8.40

நாளைக்கு எழுதறவங்க இன்னிக்கு இங்கே வந்து கேம் போடாதீங்க. போய்த் தூங்குங்க.

நவம்பர் 24, இரவு 9.10

தம்பி வந்துட்டார். மூணு வேளைத் தேர்வுல அவருக்கு மதியம். டிஐஎல்ஆர்ல இந்தத் தடவை 22 கேள்வி, 5 செட்டும் ஒரே அளவு இல்லை, 5 கேள்வி உள்ளது ரெண்டு, 4 கேள்வி உள்ளது மூணு. அவர் மூணு தொட்டு, ரெண்டை முடிச்சிருக்கார். மூணாவதுல பாதி.

படம் போட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டேன். பார்க்கலை அண்ணா, ஆனா ஒரு செட்டுக்குப் படமே போடலை, ஒரு கூட்டல் மட்டும் எழுதினேன்ங்கறார்.

நவம்பர் 25, காலை 6.50

ஆகஸ்ட் 18 கேள்விக்கு நேத்துத்தான் ஒருத்தர் விடை போட்டிருக்கார்: “மீனா வரலைன்னா குமார் வந்திருப்பான்.” இல்லைங்க. மீனா வரலைன்னா சுதா வந்தாகணும். சுதா வந்தா ரவி இருக்கான். ரவி இருந்தா குமார் வந்திருக்க முடியாது. சுதா, ரவி உள்ளே. குமார், மீனா வெளியே.

டிசம்பர் 8, மாலை 5.25

பரணை ஒழிச்சப்ப 2017 மாக் தாள் கிடைச்சுது. அட்டவணை நிஜமாவே அழகாத்தான் இருக்கு. கேள்வித்தாளும் அதோடயே மடிச்சு வச்சிருக்கேன்.

மேல் வரியில 5 பேரோட பேர். கிழமை பக்கவாட்டுலயும் இல்லை, ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் ஒரு கட்டமா அடைச்சு வச்சிருக்கேன். விதிகளைப் பார்த்தா 7ல 5 விதி “அவனுக்கு ரெண்டு நாள் கழிச்சு”, “அவளுக்கு முந்தின நாள்”. பேரை ஏன் மேலே போட்டேன்? பத்தியில முதல் வரியில பேர்தான் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்துல திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளின்னு கோடு போட்டேன். 7 நிமிஷம். நாலாவது கேள்விக்கு இன்னும் ரெண்டு விடை வருது, அது என் தப்பா தாள்தப்பான்னு ராத்திரி சாப்பிட்டுட்டுப் பார்க்கறேன்.

டிசம்பர் 8, இரவு 10.20

என் தப்பு. “குறைந்தது இரண்டு நாள் கழித்து”.